சிக்கும் முடிச்சும்

வடபுலத்து முஸ்லிம்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக இரண்டாம் பக்கத்துக்குள் 'சிக்கல்' என்ற சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். தமிழ் - முஸ்லிம் உறவுச் சிக்கல், மீள்குடியேற்றச் சிக்கல், காணிச் சிக்கல். கட்டுரையின் கடைசிப் பந்திக்கு வரும்போது அந்தச் சிக்கல் 'விரைவில் அவிழும்' என்று நம்பிக்கை தெரிவிக்கப்படுகிறது. அல்லது 'அவிழ்க்கப்பட வேண்டும்' என்று வேண்டுகோள் விடப்படுகிறது. எழுதுகிறவர் தமிழராயிருந்தாலும் எங்கட ஆளாயிருந்தாலும் இதில் வித்தியாசம் இல்லை. கருத்தரங்கு மலர், பத்திரிகைத் தலையங்கம், ஆய்வேடு எல்லாவற்றிலும் இதே சொல், இதே வினை.

நான் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படிப்பிக்கிறவன். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்றவன். அரசியல் தீர்வு எழுத எனக்குத் தகைமை இல்லை. ஆனால் ஒரு வினைச்சொல் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று சொல்லுகிற உரிமை தமிழ் வாத்தியாருக்கு உண்டு. 'சிக்கல் அவிழும்' என்று ஒரு மாணவன் எழுதித் தந்தால் நான் சிவப்புக் கோடு போடுவேன். எழுவாயின் கீழ் ஒன்று, பயனிலையின் கீழ் இன்னொன்று. சிக்கு தானாக அவிழ்வதில்லை. யாராவது எடுத்தால்தான் போகும். அவிழ்வது முடிச்சு. சிக்கும் முடிச்சும் இரண்டு வேறு பொருள்கள்.

இதை நான் நிகண்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தீவக வலயத்தில் படிப்பித்த காலத்தில் நெடுந்தீவில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான். அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கடல் குழம்பினால் அது கூடும், சில நாளில் படகே இல்லை. பின்னேரம் திரும்பி வருகிற படகுக்காக மாவிலித்துறையில் காத்திருக்கிற ஆசிரியர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. சிலர் கொப்பி திருத்துவார்கள். நான் கடற்தொழிலாளர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு வினை. படகு கட்டின கயிறை 'அவிட்டு விடுறது'. குழம்பின வலையைச் 'சிக்கெடுக்கிறது'. வலையில் மாட்டின நண்டைக் 'கழட்டுறது'. ஓலைக்கட்டைப் 'பிரிக்கிறது'. நெடுந்தீவில் வேலி கல்லாலானது. சாந்து இல்லாமல் பவளக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பியிருப்பார்கள். அந்த வேலியைக் 'குலைக்கிறது'. இந்த ஐந்தையும் நாம் எழுத்தில் ஒரே சொல்லால் சமாளித்துவிடுகிறோம். கரையில் யாரும் நண்டை அவிழ்ப்பதில்லை, கயிறைக் கழட்டுவதில்லை. மாற்றிச் சொன்னால் சின்னப் பிள்ளையும் சிரிக்கும்.

ஒருநாள் வயதான ஒருவர் நண்டு வலையை மடியில் போட்டு வெகுநேரமாகச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். 'வெட்டிப்போட்டுப் பொத்தினால் கெதியா முடியுந்தானே அண்ணை' என்று கேட்டேன்.

'வெட்டினாக் கண்ணெல்லாம் போயிடும் மாஸ்டர். சிக்கு ஆரும் போட்டதில்லை, அலையில உருண்டு தானா வந்தது. பொறுமையா எடுத்தா வரும். முடிச்செண்டா அப்பிடியில்லை. அது ஆரோ போட்டது. போட்ட கை எந்தப் பக்கத்தால சுத்தினதெண்டு பார்க்கோணும்.'

நான் படித்த எந்த அகராதியும் சிக்குக்கும் முடிச்சுக்கும் இடையிலான வேறுபாட்டை இவ்வளவு திருத்தமாகச் சொன்னதில்லை. சிக்கு வினையாகும்போதும் அப்படித்தான்: 'மீன் சிக்கியது', 'கால் சிக்கியது'. சிக்குகிற பொருள் சொல்லப்படுகிறது, சிக்கவைத்தவன் சொல்லப்படுவதில்லை. சொல்லத்தான் வேண்டுமென்றால் 'சிக்கவைத்தான்' என்று இன்னொரு வினையைக் கொண்டுவந்து ஒட்டவேண்டும். முடிச்சின் அடியிலே இருக்கிற வினை 'முடி'. கூந்தல் முடித்தாள், தலைப்பை முடிந்தான். அங்கே கை இருக்கிறது. முடிச்சு என்று சொன்ன மாத்திரத்திலேயே ஒரு செய்பவர் வந்து நிற்கிறார், பெயர் தெரியாவிட்டாலும். சிக்கல் என்ற சொல்லில் அப்படி ஒருவரும் இல்லை.

'அவிழ்' என்ற வினையிலும் இதைப்போல ஒரு நுட்பம் உண்டு. அது இரண்டு விதமாக நடக்கும். அவிழ்ந்தது, அவிழ்த்தது. முந்தியது தன்வினை, பிந்தியது பிறவினை. இடையில் மாறுவது ஒரு மெய்யெழுத்து மட்டும். ந் போய் த் வந்தால் ஓர் ஆள் வந்துவிடுகிறார். சங்கப் பாட்டுகளில் பூக்கள்தான் அதிகம் அவிழும். முகை அவிழும், முல்லை அவிழும். மொட்டை ஒரு கட்டாகவும் மலர்தலைக் கட்டு நெகிழ்தலாகவும் பார்த்த பார்வை அது. எவரும் தொடாமல், பொழுதானால் பூ தானே அவிழ்ந்துவிடும். அந்தத் தன்வினை அங்கே அழகு. 'தமிழ் - முஸ்லிம் உறவில் சிக்கல் அவிழும்' என்று எழுதுகிறவர் தம்மையறியாமல் பூவின் இலக்கணத்தை வலைக்குப் போடுகிறார். பொழுது பட்டால் முல்லை அவிழும். முப்பத்தைந்து வருஷமாக எத்தனையோ பொழுது பட்டுவிட்டது.

பேச்சுத் தமிழ் இந்த விஷயத்தில் எழுத்தைவிட எச்சரிக்கையானது. யாழ்ப்பாணத்தில் 'மாட்டை அவிட்டுக் கட்டுறது' என்பார்கள். மேய்ந்து முடிந்த இடத்திலிருந்து அவிழ்த்து, புல்லிருக்கிற இன்னொரு இடத்தில் கட்டுவது. அவிழ்ப்பதும் கட்டுவதும் ஒரே ஆள், ஒரே மூச்சு. 'அவன் அவிட்டு விடுறான்' என்றால் புளுகுகிறான் என்று அர்த்தம். கட்டில் நிற்க வேண்டியதைக் கட்டற்று ஓடவிடுகிறான். இந்த உருவகத்திலும் கயிறு கண்ணுக்குத் தெரிகிறது. நல்ல உருவகம் என்றால் அப்படித்தான் இருக்கும். அடியிலிருக்கிற பொருளைத் தொட்டுப் பார்க்கலாம்.

அரபு மொழியைப் பார்த்தால் அங்கும் கட்டுதலும் அவிழ்த்தலும் ஆளில்லாமல் நடப்பதில்லை. 'அக்து' என்றால் கட்டு, முடிச்சு. ஒப்பந்தத்துக்கும் அதுவே பெயர். திருமண ஒப்பந்தத்தைக் குர்ஆன் முடிச்சு என்ற சொல்லாலேயே குறிக்கிறது. நாங்களும் 'கலியாணம் முடிக்கிறது' என்கிறோம். முடித்தல் என்பதில் கட்டுதலும் உண்டு, நிறைவேற்றுதலும் உண்டு. 'ஹல்லு' என்றால் அவிழ்த்தல். 'ஹலால்' என்ற சொல்லும் அந்த வேரிலிருந்து வந்ததுதான், தடை அவிழ்ந்தது. சமூகத்தின் பெயரால் முடிவெடுக்கும் பொறுப்புள்ளவர்களை இஸ்லாமிய அரசியற் சிந்தனை 'அஹ்லுல் ஹல்லி வல் அக்து' என்று அழைத்தது. அவிழ்க்கவும் கட்டவும் உரியவர்கள் என்று பொருள். மூஸா நபியவர்கள் பிர்அவ்னிடம் போகுமுன் கேட்ட துஆவை எங்களில் பலர் வகுப்புக்குள் நுழையும்போது ஓதுகிறோம். நாவின் முடிச்சை அவிழ்த்துவிடும்படி கேட்கிற துஆ அது; தம் பேச்சை மற்றவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது காரணம். தமிழ்ப் பெயர்ப்புகள் பெரும்பாலும் 'முடிச்சு' என்பதை அப்படியே வைத்திருக்கின்றன. அது நல்ல காரியம். 'நாச்சிக்கல்' என்று யாராவது பெயர்த்திருந்தால், கேட்கிறவரும் கேட்கப்படுகிறவனும் எதிரெதிரே நிற்கிற அந்த வாக்கியத்தின் உயிர் போயிருக்கும்.

இனி எங்கள் இலக்கியத்துக்கு வருவோம். இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களில் காலத்தால் முந்தியதாகக் கொள்ளப்படுவது வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா', 1572ஆம் ஆண்டு. அப்துல்லாஹ் இப்னு சலாம் நபியவர்களிடம் கேட்ட கேள்விகளும் பெற்ற விடைகளுமாக அமைந்த நூல். கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் போல மசலாவும் முஸ்லிம் புலவர்கள் தமிழுக்குக் கொண்டுவந்து சேர்த்த வடிவம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் தமிழில் அதற்கு முன்பே நிலம் இருந்தது. தொல்காப்பியர் 'பிசி' என்று ஒரு செய்யுள் வகைக்கு இலக்கணம் சொல்கிறார். விடுகதையின் தாய் அது. யாழ்ப்பாணத்தில் அதை 'நொடி' என்போம். நொடி போடுவார்கள், நொடி அவிழ்ப்பார்கள். 'நூறு மசலா'வில் இளவரசி தொடுக்கிற கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லித்தான் நாயகன் அவளை மணக்கிறான். அந்த நூல் பாமர மக்கள் நடுவிலும் புழங்கியதற்கு மார்க்க அறிவு ஒரு காரணமென்றால் நொடி அவிழ்க்கிற ருசி இன்னொரு காரணம்.

நொடியில் ஒரு நியாயம் உண்டு. முடிச்சைப் போட்டவருக்கு விடை தெரியும். அவிழ்க்கிறவர் அவர் முன்னாலேயே உட்கார்ந்து அவிழ்க்கிறார். விடை சரியா பிழையா என்று சொல்ல முடிச்சுப் போட்டவர் அங்கே இருந்தே ஆகவேண்டும். 'விடை' என்ற சொல்லும் 'விடு' என்பதன் வழி வந்தது. கட்டிலிருந்து விடப்பட்டதே விடை.

'மசலா' என்ற அரபுச் சொல்லுக்கு நேர்ப்பொருள் கேள்வி. விவகாரம், தீர்க்க வேண்டிய விஷயம் என்பதற்கும் அதே சொல்லைத்தான் அரபியர் பாவிக்கிறார்கள். வடமொழியில் 'ப்ரச்ன' என்றாலும் கேள்விதான்; தமிழில் அது 'பிரச்சினை' ஆனது. ஆக, பிரச்சினையும் மசலாவும் இரண்டு மொழிகளில் பிறந்து ஒரே பொருளுக்கு வந்து சேர்ந்த சொற்கள். ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி என்பதே இரண்டிலும் அடிப்பொருள். கேள்வி என்றால் கேட்டவர் உண்டு, பதில் சொல்லக் கடமைப்பட்டவரும் உண்டு.

பிறகு தனித்தமிழ் ஆர்வம் வந்தது. 'பிரச்சினை' வடசொல், அதை நீக்கிச் 'சிக்கல்' என்று எழுதுவோம் என்றார்கள். அந்த ஆர்வத்தில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. மாணவர்களுக்கு நல்ல தமிழ் எழுதச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் இந்த ஓர் இடத்தில் மாற்றம் எங்களுக்கு நட்டம். கேள்வி இருந்த இடத்தில் சிக்கு வந்து உட்கார்ந்தது. கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அது பிழை. சிக்கு எடுபடாமல் கிடந்தால் யாரும் பிழையில்லை. கடல் அப்படி, காற்று அப்படி.

வ.ஐ.ச. ஜெயபாலனை இங்கே நினைக்காமல் போகமுடியாது. நெடுந்தீவோடு குடும்ப வேர் உள்ளவர், அந்தத் தீவையும் அதன் மனிதரையும் கவிதையில் கொண்டுவந்தவர். எங்களுக்கு அவர் இன்னொரு வகையிலும் முக்கியமானவர். 1990க்கு முன்பே, முஸ்லிம்களைப் பற்றித் தமிழ்த் தேசிய அரசியல் அதிகம் யோசிக்காத காலத்திலேயே, 'தேசிய இனப் பிரச்சினையும் முஸ்லிம் மக்களும்' என்று ஒரு நூல் எழுதியவர். நூலின் வாதங்களோடு உடன்படலாம், முரண்படலாம். நான் தலைப்பை மட்டும் இலக்கணக்காரனாகப் பார்க்கிறேன். அதில் 'சிக்கல்' இல்லை, 'பிரச்சினை' இருக்கிறது. முஸ்லிம்கள் உருபேற்று ஒடுங்கி நிற்கவில்லை. எண்ணும்மை பெற்று, பிரச்சினையின் பக்கத்தில் சரிசமமாக ஒரு மக்களாக நிற்கிறார்கள். 'முஸ்லிம் சிக்கல்' என்று பிற்காலத்தில் எழுதிய பலருக்கு இந்த இரண்டு 'உம்' வரவில்லை.

புனைகதை விமர்சனத்தில் இதே உருவகம் வேறு வழியால் வந்தது. கதைமுடிச்சு, முடிச்சவிழ்தல் என்கிறோம். பிரெஞ்சுக்காரர் கதையின் முடிவை 'தெனூமான்' என்பர், முடிச்சவிழ்ப்பு என்பதே அதன் சொற்பொருள். அவர்களுக்கு முன் அரிஸ்டாட்டில் நாடகத்தைக் கட்டுதல், அவிழ்த்தல் என்று இரண்டாகப் பிரித்தார். கிரேக்கத்தில் அவிழ்த்தலுக்குச் சொல் 'லூசிஸ்'. 'அனலிசிஸ்' என்பதற்குள்ளும் அதுதான் இருக்கிறது. சித்தி லெப்பையின் 'அஸன்பே சரித்திரம்' 1885இல் வந்தது. எகிப்திலே பிறந்து குழந்தையாகவே கடத்தப்பட்டு இந்தியாவில் வளர்கிற ஒருவனின் கதை. எங்கள் விமர்சகர்கள் அதன் கதைப்பின்னலைச் சம்பவச் சிக்கல் நிறைந்தது என்று சற்று இளக்காரமாகச் சொல்லிவிட்டு, ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்ற பெருமையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கணிப்பில் உடன்பாடில்லை. குழந்தையைக் கடத்தியவன் உண்டு, அதனால் முடிச்சும் உண்டு. வம்சம் தெரியாமற் போனவனுக்கு அவன் யாரென்று தெரியவரும்போதுதான் கதை தீரவேண்டும் என்று சித்தி லெப்பைக்குத் தெரிந்திருந்தது. பின்னால் எழுதிய எத்தனையோ பேருக்கு இது தெரியவில்லை.

திறனாய்வுக்குள் இன்னொரு விபத்தும் நடந்தது. தெரிதாவின் சிந்தனை தமிழுக்கு வந்தபோது அவருடைய கலைச்சொல்லுக்கு இரண்டு பெயர்ப்புகள் போட்டியிட்டன: 'கட்டவிழ்ப்பு', 'கட்டுடைத்தல்'. இரண்டும் புழங்கின, உடைத்தல் வென்றது. உடைப்பதில் ஒரு வீரம் தெரிகிறதல்லவா! தாம் சொல்வது அழித்தல் அல்ல என்று தெரிதாவே வற்புறுத்தியவர். பனுவல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று இழை இழையாகப் பார்ப்பதற்கு 'அவிழ்ப்பு' எவ்வளவோ நெருக்கமான சொல். உடைத்தால் கட்டு எப்படிப் போடப்பட்டது என்று தெரியாமலே போய்விடும். மாவிலித்துறைப் பெரியவர் சொன்ன மாதிரி, கண்ணெல்லாம் போய்விடும். பழைய உரைகாரர்கள் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்தார்கள். நன்னூல் பொருள்கோளை எட்டாக வகுக்கிறது. அவற்றில் மொழிமாற்றும் கொண்டுகூட்டும், பாட்டில் இடம் மாறிக்கிடக்கும் சொற்களைப் பொருளுக்கேற்றபடி எடுத்துச் சேர்க்கிற முறைகள். சீறாப்புராணத்தை வகுப்பில் படிப்பிக்கும்போது சந்தியைப் பிரித்து, அரபுச் சொல்லைத் தனியே எடுத்துவைத்து, எழுவாயைத் தேடிப் பயனிலையோடு சேர்த்தால்தான் உமறுப் புலவர் பிள்ளைகளுக்கு வாய் திறப்பார். அங்கே சிக்கு உண்மையிலேயே சிக்குத்தான். காலமும் எழுத்துப் புணர்ச்சியும் உண்டாக்கினது, யார்மீதும் குறையில்லை.

அப்படியென்றால் 1990 ஒக்டோபரில் நடந்தது என்ன? சிக்கா, முடிச்சா?

அந்த மாதக் கடைசியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் விடுதலைப் புலிகள் வெளியேறச் சொன்னார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் பகுதிகள், யாழ்ப்பாணம். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். யாழ்ப்பாணச் சோனகத் தெருவில் அது ஒக்டோபர் 30, இரண்டு மணித்தியால அவகாசம். கட்டளை இருந்தது, கட்டளையிட்டவர் இருந்தார், ஒலிபெருக்கி இருந்தது, நேரக்கணக்கு இருந்தது. அலையில் உருண்டு தானாக வந்த சிக்கு இதில் எங்கே இருக்கிறது? 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கமே அது தவறு என்று ஏற்றுக்கொண்டார். முடிச்சுப் போட்ட தரப்பே தன் கையை ஒப்புக்கொண்ட பிறகும் எழுதுகிறவர்கள் சிக்கல் என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வினைகளைப் பாருங்கோ. 'முஸ்லிம்கள் வெளியேறினார்கள்' என்று எழுதின கட்டுரை உண்டு. 'வெளியேற்றப்பட்டார்கள்' என்று எழுதினவை பல. 'இடம்பெயர்ந்தார்கள்' என்பது எல்லாருக்கும் வசதியான சொல். 'வெளியேற்றினார்கள்' என்று எழுவாயோடு எழுதினவை மிகக் குறைவு. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் நாங்கள் சொல்லிக் கொடுக்கிற விதி: தேறு - தேற்று, மாறு - மாற்று, வெளியேறு - வெளியேற்று. ஒற்று இரட்டித்தால் தன்வினை பிறவினையாகும். அந்த ஒற்றை 'ற்' எழுதப் பலருக்குக் கை வரவில்லை. எழுதினவர்களும் 'பட்டார்கள்' என்று செயப்பாட்டில் முடித்து, செய்தவரை வாக்கியத்துக்கு வெளியே இருத்திவிட்டார்கள். எங்கள் எழுத்தாளர்கள் சிலர் அப்படி எழுதியதற்குப் பயம் காரணமாக இருக்கலாம், பழைய அயலவருடைய மனம் நோகக்கூடாது என்ற எண்ணமும் இருக்கலாம். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பயம் போன பிறகும் பழக்கம் போகவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த அநியாயமும் அல்ல. நெடுந்தீவாருக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த குமுதினிப் படகை இடைக்கடலில் மறித்து, இருபதுக்கும் மேற்பட்ட பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அதற்குள். செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சொன்னார்கள். தீவில் அதைப் 'படுகொலை' என்றே சொல்கிறார்கள். கொலை என்றால் கொன்றவன் உண்டு. ஆனால் எத்தனையோ செய்திக் குறிப்புகளில் அது 'குமுதினிச் சம்பவம்'. சம்பவம் என்றால் சம்பவித்தது, அவ்வளவுதான். அந்தச் சொல்லை நெடுந்தீவார் ஏற்காத மாதிரிச் சிக்கல் என்ற சொல்லை நாங்களும் ஏற்காமல் விட்டிருக்க வேண்டும். குமுதினியைப் படுகொலை என்று சரியாக எழுதுகிற அதே பேனா, எங்களுடையதைச் சிக்கல் என்று எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்கத் தேவையில்லை.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு இதில் சிக்கே இல்லையா? இருக்கிறது. நிறைய இருக்கிறது. போன ஆக்கள் புத்தளத்தில் வேரூன்றிவிட்டார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்டன. இரண்டு ஊரிலும் பதிவு, இரண்டு ஊரிலும் பாதி வாழ்க்கை. ஒரு வளவு, உறுதி ஒருவரிடம், குடியிருப்பு இன்னொருவரிடம். குடியிருக்கிறவரும் வேறொரு இடத்திலிருந்து துரத்தப்பட்டு வந்தவர். அவசரத்தில் அரைவிலைக்கு விற்ற வீடு. புத்தளத்தில் எங்களுக்கு இடம் தந்த ஊராருக்கும் எங்களுக்கும் இடையே கிணற்றடியிலும் வேலைவாய்ப்பிலும் வந்த மனத்தாங்கல். இவை எல்லாம் சிக்குத்தான். ஒருவரும் வேண்டுமென்று போட்டதில்லை. பொறுமையாக இழை இழையாக எடுக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தச் சிக்கு முழுவதும் 1990இல் போட்ட ஒரு முடிச்சைச் சுற்றி உருண்டு திரண்டது. வலைக்குள் முடிச்சு ஒன்று இறுகிக் கிடந்தால், அதை விட்டுவிட்டு எவ்வளவு சிக்கெடுத்தாலும் வலை திரும்பத் திரும்ப அந்த இடத்திலேயே குழம்பும்.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. காணி உறுதியைப் பற்றி எழுதும்போது சிக்கல் என்று எழுதுங்கள், சிக்கெடுப்போம் என்று எழுதுங்கள். ஒக்டோபர் 30ஐப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லை வெளியே வையுங்கள். 'மீள்குடியேற்றம்' என்று எழுதும்போதும் ஒருமுறை நின்று பாருங்கள், அதுவும் பிறவினை. குடியேற்றினவர் யார்? எங்கட தெருவில் முதலில் திரும்பி வந்தவர்கள் கதவு, நிலை, ஓடு எதுவுமில்லாத வீட்டுக்குள்ளே தார்ப்பாய் கட்டித் தாங்களாகவே குடியேறினார்கள். அங்கே தன்வினைதான் பொருத்தம். தன்வினை வேண்டிய இடத்தில் பிறவினையும், பிறவினை வேண்டிய இடத்தில் தன்வினையும் போட்டே எங்கள் சரித்திரம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

என் வாப்பா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். புத்தளத்தில் இருந்தபோது ஒரு பதிவுப் படிவத்தில் 'இடம்பெயர்ந்தமைக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் அதில் எழுதினது மூன்றே சொல்: 'போகச் சொன்னார்கள், போனோம்.' எழுவாய் வெளியே தெரியாது. ஆனால் முதல் வினையின் 'ஆர்கள்' ஒரு தரப்பையும், இரண்டாம் வினையின் 'ஓம்' மறுதரப்பையும் அப்படியே பிடித்து வைத்திருக்கின்றன. படிவத்தை வாங்கின அலுவலர் வாசித்துப் பார்த்துவிட்டு, அந்த மூன்று சொல்லையும் பேனையால் வெட்டி, மேலே 'யுத்தச் சூழ்நிலை' என்று எழுதிக்கொண்டார்.